சிற்றில், சிறுசோறு, மண்ணப்பம்

பாலக்காட்டு நகருக்குக் கிழக்கே, கோயம்புத்தூர் எல்லையை நோக்கிப் பரந்து கிடக்கும் சமவெளியில் எலப்புள்ளி அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் இக்கணவாயின் வழியே காற்றும் வணிகமும் மட்டுமன்றி மொழியும் இருபுறமும் சென்று வந்துள்ளது. பாலக்காட்டு வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனை அடுத்த சித்தூர்ப் பகுதி முன்னாள் கொச்சி அரசைச் சேர்ந்தது. ஆட்சி எல்லைகள் மாறியபோதும் கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்ப்பகுதிகளில் தமிழ் வீட்டுமொழியாகவே நின்றுவிட்டது. எலப்புள்ளி போன்ற இடங்களில் ஒரே தெருவில் இரு மொழிகளும் ஒலிப்பது இயல்பு.

இத்தகைய இருமொழிப் பகுதிகளை ஆராய்வோர் பெரும்பாலும் உறவுப்பெயர்கள், வேளாண்மைச் சொற்கள், வினைமுற்று விகுதிகள் ஆகியவற்றையே திரட்டுகின்றனர். சிறுவர் விளையாட்டுச் சொற்கள் வினாநிரலில் இடம்பெறுவது அரிது. அவற்றுள்ளும் சிறுமியர் மண்ணாலும் இலையாலும் பொய்யாகச் சமைத்து விளையாடும்போது வழங்கும் சொற்கள் ஏறத்தாழ முற்றிலும் விடுபட்டுவிடுகின்றன. சிறிய வீடு, சிறிய அடுப்பு, சிறிய உணவு என்னும் இவ்வுலகம் தமிழில் ஈராயிரம் ஆண்டுச் சொல்வரலாறு உடையது. அவ்வரலாற்றைப் பின்பற்றிச் செல்லும்போது எல்லைப்பகுதிப் பேச்சின் சில நுட்பங்களும் தெளிவாகின்றன.

மண்ணால் சுட்ட அப்பம்

மலையாளத்தில் இவ்விளையாட்டின் பெயர் பெற்ற வடிவம் மண்ணப்பம் சுடுதல் ஆகும். சிரட்டையில் ஈரமண்ணை அடைத்து அழுத்தித் தரையில் கவிழ்த்து, அதன் முதுகில் மெல்லத் தட்டி எடுத்தால் வட்டமான அப்பம் நிற்கும். மண் மிகுதியாக நனைந்திருந்தால் அப்பம் சரிந்துவிடும், காய்ந்திருந்தால் பொடிந்துவிடும். பக்குவம் அறிந்த சிறுமியே அப்பம் சுடுவாள்; ஏனையோர் தண்ணீர் கொண்டுவருவர். மலையாளத்தில் மண்ணப்பம் சுட்ட காலம் என்றாலே இளமைக்காலம் என்று பொருள்படும் அளவுக்கு இத்தொடர் வேரூன்றியுள்ளது.

மண் என்பதும் அப்பம் என்பதும் இரு மொழிகளுக்கும் பொதுவானவை. தனிக்குறிலை அடுத்து நிற்கும் மெய், உயிர் வரும்போது இரட்டிக்கும் என்று தமிழ் இலக்கணம் கூறும் புணர்ச்சியே மலையாளத்திலும் நிகழ்ந்து, மண்ணப்பம் என்னும் ஒரே வடிவத்தைத் தருகிறது. ஆகவே எல்லைப்பகுதியில் இச்சொல்லைக் கேட்டு, இது இன்ன மொழிச்சொல் என்று வடிவத்தைக் கொண்டு மட்டும் முடிவு கட்டுதல் இயலாது. அப்பம் என்பதைத் திராவிட வேர்ச்சொல் அகராதி தனிப்பதிவாகக் கொள்கிறது. வடமொழி அபூபம் என்பதற்கும் இதற்கும் உள்ள உறவு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அப்ப வணிகம் தமிழகத்தில் பழமையானது. பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் கூவியர் எனப்படும் அப்ப வணிகரைக் காட்டுகின்றன.

பெயரைக் காட்டிலும் வினையே இங்குக் கருதத்தக்கது. நெருப்பு இல்லை, கல் காயவில்லை, எண்ணெய் இல்லை. எனினும் வினை 'சுடு' என்பதே. தமிழில் தோசையும் வடையும் அப்பமும் சுடப்படுகின்றன. சோறும் குழம்பும் ஆக்கப்படுகின்றன அல்லது வைக்கப்படுகின்றன. விளையாட்டிலும் இப்பாகுபாடு பிறழ்வதில்லை. மணலைச் சட்டியில் இட்டுச் சோறாக்கும் சிறுமி, மண்ணை வட்டமாகத் தட்டிவிட்டுத் தோசை சுட்டேன் என்பாளே தவிர, தோசை ஆக்கினேன் என்று கூறுவதில்லை. மெய்யான சமையலை அவள் இன்னும் அறியாதபோதும், சமையல் வினைகளின் இணைவு விதியை அதற்கு முன்பே பெற்றுவிடுகிறாள். குழந்தைமொழி ஆய்வாளர் சொற்களை எண்ணுவதோடு நில்லாமல் இத்தகைய இணைவுகளையும் நோக்குதல் தகும்.

அப்பம் என்னும் சொல் பிற்காலத்தில் பொருள் விரிந்தது. கிறித்தவ மறைநூல் மொழிபெயர்ப்புகளில் தமிழிலும் மலையாளத்திலும் ரொட்டிக்கு அப்பம் என்றே பெயர். ஆனால் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துச் சூளையில் வேகவைத்த பண்டம் வந்தபோது அப்பம் அதனை ஏற்கவில்லை. கேக் என்னும் அயற்சொல்லே நிலைத்தது. 1883இல் தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்னும் அடுமனையாளர் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பது கேரளத்தில் பெருவழக்கான செய்தி. தலைச்சேரியும் பாலக்காடும் அப்போது ஒரே மாவட்டத்தில் இருந்தன. கடைத்தெருவில் கேக் வந்து நூறாண்டுக்கு மேலாகியும் சிரட்டையிலிருந்து விழும் மண்வட்டம் அப்பமாகவே பெயர் பெற்று வருகிறது. வடிவத்தால் அது அப்பத்தைவிடக் கேக்கிற்கே நெருக்கமானது என்பது வியப்பு.

வண்டலும் பொய்தலும்

சங்க இலக்கியத்தில் இவ்விளையாட்டைச் சுட்டும் சொற்கள் பல. ஓரை, வண்டல், பொய்தல் என்பன மகளிர் விளையாட்டைக் குறிக்கின்றன. வண்டல் என்பது ஆறு கொணர்ந்து படியவிடும் மென்மணலுக்கும் பெயர். அம்மணலில் ஆடும் ஆட்டத்துக்கும் பெயர். மணலில் செய்த பாவை வண்டற்பாவை எனப்பட்டது. பொய்தல் என்பது பொய் என்னும் சொல்லோடு ஒலியால் ஒன்றுகிறது. இரண்டும் ஒரே வேரினவா என்பதைத் துணிந்து கூற இயலாதெனினும், இன்றைய சிறுவர் விளையாட்டில் 'பொய்யாச் சாப்பிடு' என்று கூறுவதையும் இதனையும் ஒருங்கு வைத்து நோக்கும் ஆர்வம் எழுவது இயல்பே.

சிறு வீடு சிற்றில். அதில் சமைக்கும் உணவு சிறுசோறு. அகநானூற்றின் 110ஆம் பாடல் இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டுகிறது. கடலில் ஆடிக் களைத்த நெய்தல் நில மகளிர் கானலில் சிற்றில் கட்டிச் சிறுசோறு குவித்து இளைப்பாறுகின்றனர். அங்கு வந்த அயலான் ஒருவன், பொழுது சாய்ந்தது, தானும் மிகவும் இளைத்துவிட்டான், இவர்கள் இடும் விருந்தை இலையில் உண்டு இச்சிறுகுடியில் தங்கினால் என்ன என்று கேட்கிறான். இவ்வுணவு உமக்கு ஏற்றதன்று, இது மீனுணவு என்று மறுமொழி வருகிறது. மணற்சோற்றை விருந்தெனக் கேட்பவன் விளையாட்டினுள் நுழைகிறான். அவனை மறுப்பவள் விளையாட்டுச் சோற்றைக் கூறாமல் தன் குடியின் மெய்யான உணவைக் கூறி விளையாட்டிலிருந்து வெளியேறுகிறாள். காதல் வரலாற்றின் தொடக்கமே இந்தச் சோற்றைச் சுற்றி அமைந்துள்ளது. உரையாசிரியர்கள் களவொழுக்க நுட்பங்களையே விரித்துரைத்ததால் இச்சோற்றின் இடம் போதிய கவனம் பெறவில்லை எனலாம்.

சிறுசோறு என்ற தொடர் வரும் இடமெல்லாம் விளையாட்டுச் சோறு என்று கொள்ளுதல் பிழையாகும். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில் இத்தொடர் சிறிதளவே கிடைத்த சோறு என்னும் பொருளில் வருகிறது. அங்குச் 'சிறு' அளவைச் சுட்டும் அடை. சிற்றில், சிறுசோறு, சிறுதேர், சிறுபறை என்னும் விளையாட்டு வரிசையில் அதுவே ஒரு மெய்ப்பொருளின் போலியைச் சுட்டும் ஒட்டாகிறது. பட்டினப்பாலையிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் வரும் சிறுவர் தேர்களும் இவ்வகையின. சிறிய தேர் வேறு, சிறுதேர் வேறு. சிறுதேரில் எவரும் ஏறிச் செல்லார். சிறுசோற்றை எவரும் உண்ணார்.

சிற்றிலுக்கு ஒரு பகையும் உண்டு. கபிலர் பாடிய கலித்தொகை 51ஆம் பாடலின் தலைவி, தன் காதலனைத் தோழிக்கு நினைவூட்டும்போது, தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் அழித்த சிறுவனாகவே முதலில் அடையாளம் காட்டுகிறாள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பத்து முழுவதும், சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று கண்ணனிடம் சிறுமியர் வேண்டும் வேண்டுகோளாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் பாடிய காலத்துக்குப் பின் பிள்ளைத்தமிழ் தனிச் சிற்றிலக்கியமாக வளர்ந்தபோது, சிற்றில் பருவம் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களுள் ஒன்றாக நிலைபெற்றது.

இங்கு ஒரு முரண் உள்ளது. சிற்றில் இழைப்போர் சிறுமியர். ஆயின் சிற்றில் பருவம் ஆண்மகவைப் பாடும் நூலுக்கு உரியது. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன வருகின்றன. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும் சிற்றில் இல்லை. பாட்டியல், நிகண்டு மரபில் சிற்றிலிழைத்தல், சிறுசோறாக்கல் என்பவை பெண்மகவுக்குரிய உறுப்புகளாகக் கூறப்பட்டதுண்டு. ஆயினும் அவ்விதி நூல்வழக்கில் வேர்கொள்ளவில்லை. விளைவாக, மணல் வீட்டைப் பற்றித் தமிழிலக்கியம் விரிவாகப் பேசும் இடங்களில் பெரும்பாலானவை அவ்வீடு இடிபடும் தருணங்களாக அமைந்துவிட்டன. அழிப்பவன் தலைவனாகவோ இறைவனாகவோ இருப்பதால் அழிவு அருளாகிறது. கட்டியவர்கள் என்ன கட்டினார்கள், எத்தனை அறை வைத்தார்கள், எதைக் கொண்டு எதைச் சமைத்தார்கள் என்பன பாடலுக்குத் தேவைப்படவில்லை. இலக்கியச் சான்றையே முழுமையாக நம்பிச் சிறுமியர் விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் இச்சாய்வை மனங்கொள்ளுதல் வேண்டும்.

சிறுவீடு

இலக்கியத்தில் விடுபட்ட அந்தச் செய்திகளை வழக்காறு ஓரளவு காத்து வைத்துள்ளது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பகுதிகளில் சிறுவீட்டுப் பொங்கல் என்னும் வழக்கம் உண்டு. மார்கழி மாதம் முழுவதும் சிறுமியர் வாசலில் கோலமிட்டுச் சாணஉருண்டையில் பூசணிப்பூ, பீர்க்கம்பூ போன்றவற்றைச் செருகி வைப்பர். பூ வாடியபின் அவ்வுருண்டைகளைத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பர். தைப்பொங்கலை அடுத்து வரும் நாளொன்றில் பொங்கலிட வேண்டும். நாள் ஊருக்கு ஊர் வேறுபடும். அதற்கென வீட்டின் முன் களிமண்ணால் சிறுவீடு கட்டப்படும். அதற்குச் சுவரும் வாசலும் அறைகளும் உண்டு. அவ்வீட்டின் முன் அடுப்பு மூட்டிச் சிறு பானையில் பொங்கலிட்டுப் படைத்தபின், காய்ந்த பூவெருவைப் பொங்கலோடு எடுத்துச் சென்று ஆற்றிலோ குளத்திலோ விடுவர்.

சிற்றில் என்பதைப் பிரித்தால் சிறு, இல். இல் என்னும் பழஞ்சொல் பேச்சில் ஒதுங்கி வீடு என்பது அதன் இடத்தைப் பெற்றபோது, தொடரும் சிறுவீடு என மாறியது. உறுப்புச் சொல் மாறித் தொகையின் கட்டமைப்பு மாறாதிருப்பது மொழிவரலாற்றில் அறியப்பட்ட நிகழ்வே. சங்ககாலச் சிற்றிலும் நெல்லைச் சிறுவீடும் இடையறாத ஒரே வழக்கம் என்று சாதிக்க இஃது ஒன்றே போதிய சான்றாகாது. எனினும் இரண்டும் சிறுமியர்க்குரியன, இரண்டும் மண்ணால் ஆனவை, இரண்டிலும் உணவு உண்டு என்னும் மூன்று ஒற்றுமைகளைத் தற்செயல் என்று ஒதுக்குவதும் எளிதன்று. ஒரு வேறுபாடு உள்ளது. சிறுவீட்டில் வேகும் சோறு உண்ணத்தக்க மெய்ச்சோறு. விளையாட்டு சடங்கானபோது மணல் அரிசியாகிவிட்டது.

கூட்டாஞ்சோறும் இத்தகையதே. தென்மாவட்டங்களில் காயும் பருப்பும் சேர்த்து ஆக்கும் ஓர் உணவுக்கு இது பெயர். சிறுவர் வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து மரத்தடியில் கூடிச் சமைத்து உண்பதற்கும் இதுவே பெயர். மறுபுறம், மண்சோறு என்னும் தொடர் தமிழ்நாட்டில் விளையாட்டை விட்டு வெகுதூரம் சென்றுவிட்டது: அம்மன் கோயில்களில் இலையின்றி வெறுந்தரையில் சோற்றையிட்டு உண்ணும் வேண்டுதலை அது குறிக்கிறது. மண்ணப்பத்தில் மண் அப்பத்தின் பொருள். மண்சோற்றில் மண் சோற்றின் இடம். ஒரே அமைப்புடைய இரு தொகைகள், இரு வேறு வேற்றுமை உறவுகள். கேரள எல்லையில் முதற்சொல்லை மட்டும் அறிந்து வளர்ந்தவர் இரண்டாவதைத் தவறாகப் பொருள்கொள்ள வாய்ப்புண்டு.

செப்பும் சொப்பும்

மணலும் இலையும் அன்றன்றே அழிவன. கைவினைஞர் செய்து விற்கும் சிறு பாத்திரங்களே விளையாட்டுச் சமையலின் நிலைத்த பகுதி. இவற்றைத் தமிழர் சொப்பு அல்லது சொப்புச் சாமான் என்பர். செப்பு என்பதே மூலவடிவம். பழந்தமிழில் அது மூடியுடைய சிறு கலத்தைக் குறித்தது. பேச்சுத்தமிழில் உதட்டொலி, நாவளை ஒலி ஆகியவற்றின் அண்மையில் எகரம் ஒகரமாகக் குவிவது பரவலான மாற்றம். பெட்டி பொட்டியாயிற்று, பெண் பொண்ணாயிற்று, செம்பு சொம்பாயிற்று, செப்பு சொப்பாயிற்று. மலையாளத்தில் இம்மாற்றம் நிகழவில்லை. அங்குப் பெட்டி, பெண்ணு, செம்பு, செப்பு என்றே ஒலிக்கின்றன. செப்பு அங்குச் சிமிழையும், செப்படி வித்தைக்காரனின் கிண்ணத்தையும் குறிக்கிறது.

தமிழில் இம்மாற்றம் ஒரு பயனையும் விளைவித்தது. எழுத்துவழக்கில் செப்பு சிமிழாக நின்றது. பேச்சுவழக்கில் சொப்பு விளையாட்டுக் கலமாகத் தனித்துவிட்டது. ஒரு சொல்லின் இரு ஒலிவடிவங்கள் இரு பொருள்களைப் பங்கிட்டுக்கொண்டன. பாலக்காட்டுத் தமிழரிடையே ஒருவர் செப்பு என்றாரா சொப்பு என்றாரா என்பதைக் குறித்துக்கொள்வது, ஒலிமாற்றத்தின் மேற்கு விளிம்பை வரைய உதவும் எளிய கருவியாகும்.

திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் கடைசல் மரச்சொப்புக்குப் பெயர் பெற்றது. மரத்தைக் கடைசல் பொறியில் சுழலவிட்டு உளியால் உருவெடுத்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் பிடிக்கும். கருநாடகத்தின் சென்னபட்டணமும் ஆந்திரத்தின் ஏடிகொப்பாக்கமும் வெட்பாலை மரத்தில் இதே நுட்பத்தைக் கையாள்கின்றன. மரச்சொப்புத் தொகுதி ஒன்றில் அடுப்பு, பானை, குடம், கரண்டி, அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை ஆகியன இருக்கும். இவற்றுள் பின்னைய நான்கும் நகர்ப்புற வீடுகளிலிருந்து மறைந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. திருகையை மெய்யாகப் பார்த்திராத குழந்தைக்கு அச்சொல்லைக் கற்பிப்பது விரல் உயரமுள்ள மரத்திருகையே. அகராதி காக்கத் தவறிய சொல்லைச் சொப்புக்கூடை காப்பது உண்டு. நெகிழிச் சொப்புகளில் எரிவாயு அடுப்பும் மின்னரைவையும் இடம்பெற்றுவிட்டதால், இப்பணியும் நெடுநாள் தொடரும் என்பதற்கில்லை.

நவராத்திரிக் கொலுவில் வேறொரு முறை காணப்படுகிறது. பாலக்காட்டு அக்கிரகாரங்கள் உட்படத் தமிழ் அந்தணர் இல்லங்களில் கொலுப்படியில் மரப்பாச்சி இணையும், செட்டியாரும் ஆச்சியும் அமர்ந்த கடையும் வைக்கப்படுகின்றன. கடையின் முன் விரற்கடை அளவுள்ள கிண்ணங்களில் அரிசி, பருப்பு, உப்பு, மிளகு ஆகியவை மெய்யாகவே நிரப்பப்படும். கலம் சிறியது, பொருள் மெய்யானது. மண்ணப்பத்திலோ அளவு ஏறத்தாழ மெய்யானது, பொருள் பொய்யானது. சிறுமைப்படுத்துதல் என்பதை ஒற்றைச் செயலாகக் கருதுவது பொருந்தாமைக்கு இவ்விரண்டும் சான்று.

ஐரோப்பியப் பொம்மைவீடு

ஒப்பீட்டுக்காக மேலைநாட்டு மரபைச் சிறிது நோக்கலாம். பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58இல் செய்வித்த பொம்மைவீடே எழுத்துச்சான்று உடையவற்றுள் முதன்மையானது. அது விளையாடுவதற்காக அன்று, செல்வத்தைக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. 1924இல் முடிவுற்ற இங்கிலாந்து அரசி மேரியின் பொம்மைவீடு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் எட்வின் லட்டியன்ஸ் வடிவமைத்தது. அதன் சிறு புட்டிகளில் மெய்யான மதுவே ஊற்றப்பட்டது. குழந்தைகளுக்கான பொம்மைவீடுகளில் உணவு பெரும்பாலும் சுண்ணச்சாந்தால் ஆனது. பீட்ரிக்ஸ் பாட்டர் 1904இல் வெளியிட்ட குழந்தைக்கதை ஒன்றில் இரு எலிகள் அத்தகைய உணவைத் தின்ன முயன்று, இயலாமற்போகவே சினந்து அடித்து நொறுக்குகின்றன. சிற்றிலை உதைத்த கண்ணனுக்கும் இவ்வெலிகளுக்கும் காரணம் வேறு, விளைவு ஒன்றே.

1960களில் ஜெர்மனியில் அடுமனைச் சூட்டில் இறுகும் செயற்கைக் களிமண் கடைக்கு வந்தபின் இக்கலை மாறியது. அக்களிமண்ணின் தொடக்கமே பொம்மை செய்யும் குடும்பம் ஒன்றைச் சார்ந்தது. இன்று அதே களிமண்ணில் சென்னையிலும் கோவையிலும் வாழையிலைச் சாப்பாடும் இட்லியும் சாம்பாரும் நகத்தளவில் செய்து விற்கின்றனர். 2010களில் ஜப்பானிலிருந்து பரவிய சிற்றுருச் சமையல் காட்சிகளின் வழியில், தமிழ்நாட்டிலும் சொப்புப் பாத்திரங்களில் மெய்யான குழம்பை வைத்துப் படம்பிடிப்போர் உள்ளனர். இவற்றுக்குத் தமிழில் பொதுப்பெயர் ஏற்படவில்லை. மினியேச்சர் என்னும் சொல்லே வழங்குகிறது. சிறுசோறு என்னும் சொல் கையருகே இருந்தும் எவரும் எடுக்கவில்லை.

எல்லைப்பகுதிக்குத் திரும்பினால், கேரளத் தமிழ் என்று ஒரே பெயரால் சுட்டப்படுவது ஒன்றன்று என்பதை இச்சொற்களே காட்டவல்லன. பாலக்காட்டின் கிழக்குப் பகுதித் தமிழ் கொங்கு வட்டாரத்தை ஒட்டியது. இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு மலைத்தோட்டங்களில் வழங்கும் தமிழோ பெரும்பகுதி தென்மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளரின் பேச்சை அடியாகக் கொண்டது. தேங்காய் ஓட்டைச் சிரட்டை என்பது தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் மலையாளத்திலும் உள்ள வழக்கு. பிற வட்டாரங்களில் கொட்டாங்கச்சி, கொட்டாங்குச்சி என்பர். ஆகவே தோட்ட லயத்தில் ஒரு சிறுமி சிரட்டை என்றால் அது மலையாளத் தாக்கம் என உடனே குறித்துவிடக் கூடாது; அவள் முன்னோர் அதனை நெல்லைச் சீமையிலிருந்தே கொண்டுவந்திருக்கலாம். எலப்புள்ளியில் அதே சொல்லைக் கேட்டால் அண்டை மொழியின் பக்கம் நோக்குவதே முறை. இருவரும் அதில் ஈரமண்ணை அடைத்துக் கவிழ்த்தபின் எடுப்பதை என்ன பெயரிட்டு அழைக்கின்றனர் என்பதையும் உடன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.